பிறந்த தேதியும் பிறந்திருக்க வேண்டிய தேதியும்

குழந்தை நலம்: வாசகர் கேள்விகள்

சில வாரங்கள் முன்னதாகப் பிறந்த குழந்தைகள் குப்புற விழுவது, உட்காருவது, தவழ்வது, நடப்பது பற்றி வந்த கடிதங்களில் நான்கு இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதில் எழுதுபவர் குழந்தைகள் நல மருத்துவர்.

கேள்வி: எனக்கு இரத்த அழுத்தம் கூடிவிட்டதால் 35 வாரம் 2 நாளில் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, எடை 2.1 கிலோ. மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஏழு மாதம் முடிந்திருக்கிறது. ஆறாம் மாதத்தில்தான் குப்புற விழுந்தாள். உட்கார வைத்தால் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொண்டு சில நொடிகள் இருக்கிறாள், பிறகு பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறாள். அதே வாரத்தில் பிறந்த என் நாத்தனார் மகன் உட்கார்ந்து விளையாடுகிறான். "எட்டாம் மாசத்துப் பிள்ளை அப்படித்தான் இருக்கும், தானா வரும்" என்கிறார் என் மாமியார். காத்திருக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் வயதைச் சரியாகக் கணக்கிட்டுக்கொள்வோம். பிரசவத் தேதி என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பது 40 வாரம், அதாவது 280 நாள் நிறைகிற நாள். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று நம் தாய்மார்கள் சொல்வதும், மாதத்துக்கு 28 நாள் என்று கொண்டால், இதே கணக்குதான். உங்கள் மகள் அந்தத் தேதிக்கு 33 நாள் முன்னதாகப் பிறந்துவிட்டாள். ஏழு மாதத்தில் அந்த 33 நாளைக் கழித்தால் ஏறக்குறைய ஆறு மாதம் வருகிறது. இதைத் திருத்திய வயது என்கிறோம். அசைவு வளர்ச்சியில் எதைப் பார்த்தாலும், குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை, இந்தத் திருத்திய வயதைக் கொண்டே பார்க்க வேண்டும். நாத்தனார் மகன் மாதம் நிறைந்து பிறந்தவன் என்றால், ஒரே வாரத்தில் பிறந்திருந்தாலும் அவன் உங்கள் மகளுக்கு ஒரு மாதம் மூத்தவன்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் மாதம் நிறைந்து பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் ஆறு அசைவுகளுக்கான கால எல்லைகளை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்கு அது தரும் எல்லை 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை. தானாக நடப்பதற்கு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளுக்குள்ளேயே இவ்வளவு அகலமான இடைவெளி இருக்கிறது. திருத்திய வயதில் ஆறு மாதமான உங்கள் மகள் இந்த எல்லைக்கு நடுவில்தான் இருக்கிறாள்.

அவள் உட்காரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவள் உட்கார ஆரம்பித்துவிட்டாள். கைகளை முன்னால் ஊன்றி, மூன்றுகால் முக்காலி போல் இருப்பதுதான் உட்காருவதன் முதல் படி. அடுத்துத் தோளும் முதுகும் உறுதிப்படும்போது ஒரு கை தரையை விடும், பிறகு இரண்டு கைகளும் விடுபடும். பக்கவாட்டில் சாய்வதற்கும் காரணம் உண்டு. விழப்போகிறோம் என்று உணர்ந்ததும் தன்னையறியாமல் கை ஊன்றுகிற அனிச்சைச் செயல் முதலில் முன்பக்கத்துக்கும், சில வாரங்கள் கழித்துப் பக்கவாட்டுக்கும், ஒன்பது பத்து மாதத்தை ஒட்டிப் பின்பக்கத்துக்கும் வரும். உங்கள் மகளுக்கு முன்பக்கம் வந்துவிட்டது, பக்கவாட்டு அனிச்சை இன்னும் வரவில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணம் இந்த வரிசையை முன்பே கண்டிருக்கிறது. இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுகிற செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும், கைகள் தரையை விட்டுக் கொட்டி விளையாடுகிற சப்பாணியை ஒன்பதாம் மாதத்திலும் அது வைக்கிறது. பாட்டியல் என்னும் அந்த இலக்கண நூல்களை எழுதியவர்கள் குழந்தையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. குறைமாதக் குழந்தைக்குச் சற்றுப் பிந்தும் என்பது சரி. எதையும் பார்க்க வேண்டியதில்லை, தானாக வரும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. 34 வாரத்திலிருந்து 36 வாரம் 6 நாள் வரை பிறக்கும் குழந்தைகளை மருத்துவர்களும் ஒரு காலத்தில் ஏறத்தாழ நிறைமாதம் என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரே அலட்சியத்துக்கு வழி செய்கிறது என்று 2005-இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் அதை விட்டுவிட்டு, பிந்திய குறைமாதம் என்று பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தார்கள். 34 வாரக் குழந்தையின் மூளை, மாதம் நிறைந்த குழந்தையின் மூளை எடையில் ஏறத்தாழ 65 சதவீதம்தான் இருக்கும். மீதி வளர்ச்சி வயிற்றுக்குள் நடந்திருக்க வேண்டியது, இப்போது தொட்டிலில் நடக்கிறது.

தசையிலும் வேறுபாடு உண்டு. கடைசி வாரங்களில் கருப்பையில் இடம் நெருக்கமாகிவிடுவதால் குழந்தை கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் காலை நீட்டிவிட்டால் அது சட்டென்று மடங்கிக்கொள்வதற்கு அந்த நெருக்கமும் ஒரு காரணம். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்தப் பயிற்சி முழுமையாகக் கிடைப்பதில்லை. அது படுக்கையில் தளர்வாக, தவளையைப் போல் தொடைகளை அகற்றிக் கிடக்கும். பிறகு சில மாதங்களில் உடலை மடக்கும் தசைகளைவிட நிமிர்த்தும் தசைகள் முந்திக்கொள்வதும் உண்டு. அந்தச் சமயத்தில் தூக்கினால் முதுகை வில்லாக வளைக்கும், மடியில் நிறுத்தினால் காலை விறைப்பாக ஊன்றி நிற்கும். "பாருங்கள், நான்கு மாதத்திலேயே நிற்கிறான், காலில் என்ன பலம்!" என்று வீடே மகிழும். மருத்துவமனையில் என்னிடம் பெருமையாக நிறுத்திக் காட்டியவர்கள் பலர். பெரும்பாலும் அது பலமன்று, விறைப்பு. பல குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் தானாகவே குறைந்துவிடும், ஆனால் நாள் முழுதும் நிறுத்தி நிறுத்தி விளையாட்டுக் காட்டினால் அந்தப் பழக்கமே ஊறிப்போகும், மடங்கி உட்காருவதும் உருளுவதும் பின்தங்கும். உங்கள் வீட்டிலும் யாராவது அவளை மடியில் குதிக்கவைத்துக்கொண்டிருந்தால் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள்.

அவளுக்கு இப்போது வேண்டியது தரை. பாயை விரித்து, கெட்டியான போர்வை ஒன்றை மேலே போட்டு, விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்கவையுங்கள். இன்னும் நகரத் தொடங்காத குழந்தைக்கு ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது இப்படிக் கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருக்கிறது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு முறை துணி மாற்றியபின் மூன்று நிமிடம், குளிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் என்று சேர்த்துக்கொண்டு போனால் போதும். அழுதால் நீங்களும் எதிரே குப்புறப் படுத்து முகத்தைக் காட்டுங்கள். பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில், சற்று வலப்புறமாக வையுங்கள். அவள் இடது முழங்கையில் எடையை ஏற்றி வலது கையை நீட்டுவதைப் பார்ப்பீர்கள். அடுத்த முறை டம்ளரை இடப்புறம் மாற்றுங்கள். உட்காரும்போது பக்கவாட்டில் சாயாமல் இருக்க வேண்டிய தோளும் இடுப்பும் இப்படி எடை மாற்றி மாற்றித்தான் உறுதிப்படும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், அதில் விலக்கே இல்லை.

தூளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூளியில் குழந்தை நன்றாக உறங்கும், அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் விழித்த பின்பும் அதிலேயே போட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் உருளவோ எதையாவது எட்டிப் பிடிக்கவோ அங்கே இடமேயில்லை. எண்ணெய் தேய்ப்பது நல்லது, இதமாகத் தடவினால் போதும். கைகால்களைக் குறுக்காக இழுத்துச் சொடுக்குவதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவளுடைய வளர்ச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட, 17 செயல்கள் மட்டும் கொண்ட எளிய அட்டவணை ஒன்று பல இடங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகள் எல்லாம் அந்தக் குழந்தை செய்திருக்க வேண்டியவை. பென்சிலை ஏழு மாதத்தில் வைக்காமல் ஆறில் வைக்கும்படி நினைவூட்டுங்கள். ஓ.பி.யில் கூட்டமாக இருக்கும் நாளில் இது தவறிப்போவது உண்டு. திருத்திய வயதில் ஒன்பது மாதம் ஆகியும் பிடிமானமின்றி உட்காரவில்லை என்றால் அதற்குமேல் காத்திருக்க வேண்டாம். வந்த திறமை ஒன்று போய்விட்டால், எடுத்துக்காட்டாகக் குப்புற விழுந்துகொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டால், வயதைப் பார்க்காமல் அன்றைக்கே வாருங்கள்.

கேள்வி: தடுப்பூசி போடுவதற்கும் இந்தத் திருத்திய வயதுதானா? என் மகன் 36 வாரத்தில் பிறந்தவன். இரும்புச்சத்து மருந்து வேறு கொடுத்திருக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது அவசியமா? (வாசகி, சேலம்)

பதில்: தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தவணைகளை ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். குழந்தை தன் உடலில் சேர்த்துவைக்கும் இரும்புச்சத்தின் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து வருகிறது. முன்னதாகப் பிறந்த குழந்தை குறைந்த இருப்போடு வருகிறது, வேகமாக எடை கூடும்போது அந்த இருப்பும் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாகச் செரிக்கும், ஆனால் அளவு குறைவு. சோகை பிடித்த குழந்தை சோர்ந்து கிடக்கும், நகர முயலாது. நாம் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தால் மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பேரன் 36 வாரத்தில் பிறந்தான். இப்போது பதினொரு மாதம். நன்றாக உட்காருகிறான், ஆனால் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றித் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்க நகர்கிறான். நடை பழகட்டும் என்று வாக்கர் வாங்கிவிட்டோம். அதில் விட்டால் ஓடுகிறான். தவழாமல் நடந்தால் பின்னால் கோளாறு வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: ஐயா, தவழாததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, வாக்கரைப் பற்றித்தான் கவலை. மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன ஆய்விலேயே 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே அடுத்த நிலைகளுக்குப் போயிருக்கிறார்கள். உட்கார்ந்தபடி தேய்த்து நகரும் குழந்தைகள் சற்றுத் தாமதமாக நடப்பார்கள், ஒன்றரை வயதை ஒட்டிக்கூட நடக்கத் தொடங்கலாம். பேரனின் அப்பாவோ நீங்களோ சிறுவயதில் இப்படி நகர்ந்தீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சில குடும்பங்களில் இது தலைமுறையாக வருவதுண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எப்போதும் ஒரே கையைத்தான் ஊன்றுகிறானா, ஒரே காலைத்தான் இழுக்கிறானா? அப்படியானால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாக்கரில் ஓடுவது நடையன்று. அதில் எடையைத் துணி இருக்கை தாங்குகிறது. குழந்தை கால்விரல் நுனியால் தரையை உந்தித் தள்ளுகிறது, சாய்ந்தால் சமாளிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. தன் பாதம் எங்கே படுகிறது என்பதையும் தட்டு மறைத்துவிடுகிறது. நடக்கக் கற்பது என்பது முக்கியமாகச் சமநிலை இழந்து மீண்டும் பெறுவதைக் கற்பதுதான், வாக்கர் அதைத்தான் தடுக்கிறது. படியிலிருந்து உருண்டுவிழும் ஆபத்தும், அடுப்பங்கரையில் கொதிக்கும் பாத்திரத்தை எட்டி இழுக்கும் ஆபத்தும் தனி. கனடா நாடு 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று தயங்காமல் பரண்மேல் ஏற்றிவிடுங்கள், அடுத்த வீட்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பதில் கனமான, நகராத மர நாற்காலி ஒன்றைப் போட்டு, அதன்மேல் அவனுக்குப் பிடித்த பொருளை வையுங்கள். பிடித்து எழுந்து, பக்கவாட்டில் அடியெடுத்துவைத்து நகரத் தொடங்குவான். வீட்டுக்குள் செருப்போ ஷூவோ வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது.

கேள்வி: மகன் 34 வாரத்தில் பிறந்தான், இப்போது சரியாக ஐந்து மாதம். எந்தப் பொருளைக் காட்டினாலும் வலது கையைத்தான் நீட்டுகிறான். இடது கை பெரும்பாலும் முஷ்டி பிடித்தபடி, கட்டை விரல் உள்ளே மடங்கி இருக்கிறது. சட்டை மாட்டும்போது அந்தக் கையை நீட்டுவது சிரமமாக இருக்கிறது. ஒரு மருத்துவரிடம் கேட்டதற்கு, குறைமாதக் குழந்தைதானே, ஒரு வயது வரை பார்ப்போம் என்றார். வலது கைப் பழக்கம் சீக்கிரம் வந்துவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: இந்தக் கடிதத்துக்கு இதழ் வெளிவரும்வரை காத்திராமல் நேரடியாகவே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் வேறு பெற்றோரும் இருக்கக்கூடும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வயதைத் திருத்திக் கணக்கிடுவது தாமதத்தை மட்டுமே விளக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பின்தங்கியிருந்தால் ஆறு வாரத்தைக் கழித்துவிட்டுப் பொறுத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வரவில்லை என்றால், எத்தனை வாரத்தைக் கழித்தாலும் அது பொருந்தாது, ஏனென்றால் இரண்டு கைகளும் ஒரே நாளில் பிறந்தவைதாம். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு வலது கைப் பழக்கம், இடது கைப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. அவ்வளவு சீக்கிரம் ஒரு கையை மட்டும் விரும்புவது, மறு கையைப் பயன்படுத்த முடியாததன் அடையாளமாக இருக்கலாம். மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அல்லது பிரசவத்தின்போது கழுத்துப் பக்கத்து நரம்புகள் இழுபட்டிருக்கலாம். நரம்பு இழுபட்டிருந்தால் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்தே கை தளர்ந்து தொங்கும். நீங்கள் சொல்வது இறுக்கம் என்பதால் முதல் காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நார்வேயில் 1967 முதல் 1983 வரை பிறந்த 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், மாதம் நிறைந்து பிறந்தவர்களில் 0.1 சதவீதத்தினருக்கும், 34 முதல் 36 வாரத்தில் பிறந்தவர்களில் 0.3 சதவீதத்தினருக்கும் மூளைவாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவில் ஏற்படும் குறை, இருந்தது. ஆயிரத்துக்கு மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் மாதம் நிறைந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. எல்லாக் குறைமாதக் குழந்தைகளையும் நோயாளிகளாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கும், அறிகுறி தெரிகிற குழந்தையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கும் இந்த ஒரே கணக்கு போதும்.

தள்ளிப்போடாமல் இருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. மகனின் திருத்திய வயது இப்போது ஏறக்குறைய 16 வாரம். திருத்திய வயதில் 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை, மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றில் சிறிய, நிற்காத, வட்டமான அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை இருக்கின்றனவா என்று பயிற்சி பெற்றவர் பார்த்தாலே மூளையின் நிலையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும், ஊசியோ ஸ்கேனோ தேவையில்லை. இருபது வாரத்துக்குப் பிறகு குழந்தை தன் விருப்பப்படி கையைக் காலை நீட்டத் தொடங்கிவிடுவதால் அந்த அசைவுகள் மறைந்துபோகும். உங்களுக்கு இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது. தசையின் இறுக்கத்தையும் இருபக்க வேறுபாட்டையும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஹாமர்ஸ்மித் பரிசோதனையும் இந்த வயதில் செய்யலாம். ஸ்கேன் தேவையா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வார்கள். ஸ்கேன் முடிவு வரும்வரை பிசியோதெரபியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

உங்கள் மாவட்டத்தில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு நேரே போகலாம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்களில் குழந்தைகள் நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோர் ஒரே இடத்தில் இருப்பார்கள், கட்டணம் கிடையாது. அதுவரை வீட்டில் அந்த முஷ்டியை வலிந்து பிரிக்காதீர்கள். கட்டை விரலின் அடிப்பாகத்திலிருந்து மெதுவாகத் தடவிக்கொடுத்தால் தானாகத் திறக்கும், திறந்ததும் சுருட்டிய துணியை உள்ளங்கையில் வையுங்கள். பொருளை இடப்பக்கத்திலிருந்தே காட்டுங்கள். இரண்டு கைகளும் தேவைப்படுகிற பெரிய துணிப்பந்து போன்றவற்றை நெஞ்சுக்கு நேரே கொடுங்கள்.

போகும்போது கைப்பேசியில் ஒரு வீடியோ எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் குழந்தை அழுதுகொண்டிருந்தால் எந்த அசைவையும் பார்க்க முடியாது. பால் குடித்து முடித்து, விழித்து, அமைதியாக இருக்கும் நேரத்தில், பகல் வெளிச்சத்தில், ஜட்டி மட்டும் அணிவித்து மல்லாக்கப் படுக்கவைத்து, கால்மாட்டில் நின்று, முழு உடலும் தெரியும்படி மூன்று நிமிடம் எடுங்கள். பொம்மை காட்ட வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். வாயில் சூப்பான் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறந்த மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டு போங்கள், அதில்தான் 34 வாரம் என்பது எழுதியிருக்கும்.